இரண்டாவது கிரெடிட் கார்டுக்கு எப்போது விண்ணப்பிக்கலாம்?

சங்கராபரணி (வில்லியனூர்), 2025 ஆகஸ்ட் 18

அனைவருக்கும் வணக்கம். சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பிடித்தம் போகக் கைக்கு வரும் சம்பளம் 42,000 ரூபாய். இரண்டரை ஆண்டுகளாக ஒரே ஒரு கிரெடிட் கார்டு வைத்திருக்கிறேன். அதன் லிமிட் 60,000. மளிகை, பெட்ரோல், இன்ஷூரன்ஸ், மின்கட்டணம் எல்லாம் அதிலேயே போவதால் மாதம் 32,000 வரை பில் வருகிறது. இதுவரை ஒரு மாதம்கூடக் கெடு தேதியைத் தாண்டியதில்லை. முழுத் தொகையையும் கட்டிவிடுவேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஓர் அங்காடிக்குப் போயிருந்தபோது, வாசலில் மேசை போட்டு அமர்ந்திருந்த ஒரு வங்கியின் முகவர், வாழ்நாள் முழுவதும் ஆண்டுக் கட்டணம் இல்லாத கார்டு என்றும், சேர்ந்தவுடன் 1,000 ரூபாய்க்குப் பரிசுக் கூப்பன் என்றும் சொல்லி, ஆதார் எண்ணையும் பான் எண்ணையும் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். வில்லியனூரில் வாங்கிய மனையில் தை பிறந்ததும் கடைக்கால் போட வேண்டும். அதற்கு 15 லட்சம் வீட்டுக்கடன் தேவைப்படும். இந்த நிலையில் இரண்டாவது கார்டு வாங்கலாமா, வாங்குவதானால் எப்போது என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.


மஞ்சக்குப்பத்தார் (கடலூர்), ஆகஸ்ட் 18

ஐயா, வங்கியின் கடன் பிரிவில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. தை மாதம் வீட்டுக்கடன் தேவை என்றால், அந்தக் கடன் கைக்கு வரும் வரை வேறு எந்தக் கடனுக்கும் விண்ணப்பம் போடாதீர்கள். கார்டும் கடன்தான்.

நீங்கள் விண்ணப்பத்தில் கையெழுத்திட்டதும் அந்த வங்கி உங்கள் கடன் அறிக்கையை, அதாவது நீங்கள் வாங்கிய கடன்களும் அவற்றைக் கட்டிய விதமும் அடங்கிய பதிவை, கேட்டு வாங்கும். நம் நாட்டில் இந்த அறிக்கையைத் தரும் நிறுவனங்கள் நான்கு: சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க். எந்த வங்கி, எந்தத் தேதியில், எதற்காகக் கேட்டது என்பது அறிக்கையின் விசாரணைப் பகுதியில் ஒரு வரியாகப் பதிவாகும். அந்தப் பதிவை வைத்து உங்களுக்குத் தரப்படும் மதிப்பெண்ணான ஸ்கோரும் சில புள்ளிகள் இறங்கும். நம் அறிக்கையை நாமே எடுத்துப் பார்ப்பதால் எதுவும் குறையாது. கார்டு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்த வரி நிற்கும் என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. வீட்டுக்கடன் கோப்பைப் பார்க்கும் அதிகாரி, மூன்று மாதத்துக்குள் புதிதாக ஒரு கார்டும் அதற்கான விசாரணையும் இருப்பதைக் கண்டால், இவருக்கு இப்போது என்ன பண முடை என்று நிச்சயம் யோசிப்பார். நானும் அப்படித்தான் யோசித்திருக்கிறேன்.

இப்போது பல வங்கிகள் வீட்டுக்கடனின் வட்டியையே ஸ்கோரைப் பொறுத்து நிர்ணயிக்கின்றன. 15 லட்சத்தை 20 ஆண்டுக்கு 8.50 விழுக்காட்டில் வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 13,017 ரூபாய் வரும். ஸ்கோர் ஒரு படி கீழே இருப்பதால் அதே கடன் 8.75 விழுக்காட்டில் கிடைத்தால் தவணை 13,255க்குப் போய்விடும். மாதம் 238 ரூபாய்தானே என்று தோன்றும். விகிதம் இடையில் மாறாது என்று கொண்டால் 240 மாதங்களில் அது 57,000 ரூபாயைத் தாண்டுகிறது. முகவர் நீட்டிய 1,000 ரூபாய்க் கூப்பனை இந்தத் தொகைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.


லாஸ்பேட்டைவாசி (புதுச்சேரி), ஆகஸ்ட் 19

பெரியவரின் கருத்தை மதிக்கிறேன். ஆனால் ஒரு பகுதியில் உடன்பட இயலவில்லை. சங்கராபரணி அவர்கள் 60,000 லிமிட்டில் 32,000 செலவழிக்கிறார். அதாவது லிமிட்டில் 53 விழுக்காடு. பொதுவாக 30 விழுக்காட்டுக்குள் இருப்பது ஸ்கோருக்கு நல்லது என்பார்கள். ஒரு லட்சம் லிமிட்டில் இரண்டாவது கார்டு வந்தால் மொத்த லிமிட் 1,60,000 ஆகிவிடும். அதே செலவு 20 விழுக்காடாகச் சுருங்கிவிடும். விசாரணையால் இறங்கும் சில புள்ளிகளைவிட இதனால் ஏறும் புள்ளிகள் அதிகம். என் கதையே அதற்குச் சான்று. 2023இல் இரண்டாவது கார்டு வாங்கினேன். முதல் மூன்று மாதம் 748க்கு இறங்கிய ஸ்கோர் எட்டாவது மாதத்தில் 781 ஆனது.


மஞ்சக்குப்பத்தார், ஆகஸ்ட் 19

தம்பி, நீங்கள் சொல்லும் கணக்கு சரியானது. ஆனால் எட்டாவது மாதத்தில் ஏறியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இவருக்கு இருப்பது ஐந்து மாதம். ஐப்பசியிலேயே மனு கொடுக்க வேண்டும் என்பதால் உண்மையில் மூன்று மாதம்தான். சரியாக நீங்கள் 748இல் நின்ற அந்தக் காலத்தில் இவருடைய கோப்பு அதிகாரியின் மேசைக்குப் போகும். வீட்டுக்கடன் நினைப்பே இல்லாத ஒருவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் நானும் வாங்குங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

அந்த 53 விழுக்காட்டைக் குறைக்க இரண்டாவது கார்டு தேவையே இல்லை. பில் தேதியன்று எவ்வளவு நிலுவை இருக்கிறதோ அதுதான் பெரும்பாலும் அறிக்கைக்குப் போகிறது. ஆகவே பில் போடுவதற்கு மூன்று நான்கு நாள் முன்பே 16,000 ரூபாயைக் கட்டிவிட்டால், பில்லில் மிஞ்சுவது 16,000. அது லிமிட்டில் 27 விழுக்காடு. அதே பணம், அதே செலவு. கட்டும் நாள் மட்டும் மாறுகிறது. முன்பு வங்கிகள் மாதத்துக்கு ஒருமுறை விவரம் அனுப்பின. 2025 ஜனவரி 1 முதல் பதினைந்து நாளைக்கு ஒருமுறை அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி ஆணையிட்டிருப்பதால் மாற்றமும் விரைவிலேயே தெரியும். கூடவே, இரண்டரை ஆண்டு ஒழுங்காகக் கட்டியவர் என்ற முறையில் இப்போதுள்ள வங்கியிடமே லிமிட்டை உயர்த்தித் தரச் சொல்லுங்கள். அவர்களாகவே உயர்த்த முன்வந்தால் உங்கள் சம்மதம் மட்டும் போதும். நீங்களாகக் கேட்கும்போது சில வங்கிகள் அறிக்கையைப் புதிதாக எடுக்கும் என்பதால், விசாரணை பதிவாகுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.


கெடிலக்கரை வணிகர் (திருப்பாதிரிப்புலியூர்), ஆகஸ்ட் 20

இரண்டாவது கார்டை எப்போது வாங்கக் கூடாது என்பதை நான் சொல்கிறேன். முதல் கார்டு நிரம்பி வழியும்போது வாங்கக் கூடாது. நான் வாங்கினேன்.

ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். கடலூரில் எங்களை அடித்தது புயலைவிட அதற்குப் பிறகு வந்த தண்ணீர். சாத்தனூர் அணை திறந்த வெள்ளம் தென்பெண்ணையில் வந்தபோது, நாணமேட்டுப் பக்கம் நான் வாடகைக்கு எடுத்திருந்த கிடங்கில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. சிமெண்டு மூட்டைகள் அடுக்கிய இடத்திலேயே பாறையாகிவிட்டன. பெயிண்டு டப்பாக்கள் மிதந்து போய் வேலியில் சிக்கிக் கிடந்தன. கடையைத் திரும்பத் திறக்க வேண்டும் என்ற அவசரத்தில் முதல் கார்டில் 48,000 வரை தேய்த்துவிட்டேன். லிமிட் 50,000.

அடுத்த மாதம் பில் வந்தது. முழுத் தொகை 48,000. மினிமம் டியூ, அதாவது அந்த மாதம் கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகை, 2,400. மினிமத்தைக் கட்டினால் போதும், பிரச்சினை இல்லை என்றுதான் நினைத்தேன். அதற்கடுத்த பில்லைப் பேனாவும் கையுமாக உட்கார்ந்து பார்த்தபோதுதான் விளங்கியது. வட்டி மாதம் 3.5 விழுக்காடு என்றால் 48,000க்கு 1,680 ரூபாய். அந்த வட்டிக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி 302 ரூபாய். இரண்டும் சேர்ந்து 1,982. நான் கட்டிய 2,400இல் அசலில் கழிந்தது 418 ரூபாய் மட்டுமே. அது மட்டுமல்ல, பாக்கி வைத்துவிட்டால் வட்டியில்லாத 45 நாள் சலுகையும் போய்விடுகிறது. அன்று காலை கார்டில் போட்ட 500 ரூபாய் பெட்ரோலுக்கும் அன்றிலிருந்தே வட்டி ஓடியது.

அந்த நெருக்கடியில் இரண்டாவது கார்டுக்கு ஒரே மாதத்தில் மூன்று வங்கிகளில் விண்ணப்பித்தேன், மூன்றும் மறுத்தன. ஒவ்வொரு மறுப்புக்கும் பின்னால் ஒரு விசாரணை பதிவாகிறது என்பது எனக்குத் தெரியாது. நான்காவது வங்கி 40,000 லிமிட்டில் ஒரு கார்டு கொடுத்தது. அதிலிருந்து ஏடிஎம்மில் 20,000 எடுத்து முதல் கார்டில் கட்டினேன். எடுத்த கணமே 2.5 விழுக்காடு கட்டணம் 500 ரூபாய், அதற்கு வரி 90 ரூபாய், வட்டியோ அன்றிலிருந்தே. ஒரு கடனை அடைக்க அதைவிட விலை உயர்ந்த கடனை வாங்கியிருக்கிறேன் என்று என் மனைவி கணக்குப் போட்டுக் காட்டினார். கடைசியில் அவருடைய வளையல்களைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்து, இரண்டு கார்டுகளையும் ஒரே நாளில் முழுதாக அடைத்தோம். நகைக்கடன் வட்டி கார்டு வட்டியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. டிசம்பரிலேயே அதைச் செய்திருந்தால் பல ஆயிரம் மிஞ்சியிருக்கும்.


லாஸ்பேட்டைவாசி, ஆகஸ்ட் 20

ஐயா, உங்கள் இழப்பைப் படிக்க மனம் கனத்தது. முன்பு தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் கார்டு வட்டி ஆண்டுக்கு 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று தீர்ப்பளித்திருந்தது. உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று அதை ரத்து செய்துவிட்டது. உங்களுக்கு அந்த முதல் பில் வந்த காலமும் அதுதான். ஆகவே விகிதத்துக்கு வெளியிலிருந்து உச்சவரம்பு வரும் என்று யாரும் காத்திருக்க வேண்டாம். மூன்று நான்கு மாதம் தொடர்ந்து முழுத் தொகையைக் கட்ட முடியாமல் இருப்பவர் இரண்டாவது கார்டைப் பற்றி நினைக்கவே கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை.


கோரிமேட்டுச் செவிலியர் (புதுச்சேரி), ஆகஸ்ட் 21

ஸ்கோர், வட்டி இரண்டையுமே பேசிக்கொண்டிருக்கிறோம். நான் இரண்டாவது கார்டு வாங்கிய காரணம் வேறு.

சென்ற ஆண்டு ஒருநாள் நள்ளிரவு ஒன்றரை மணிக்குக் கடலூரில் இருக்கும் என் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து, அருகில் இருந்த தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். முன்பணம் 40,000 கட்டச் சொன்னார்கள். கார்டைச் செருகினேன், இயந்திரத்தில் நிராகரிப்பு என்று வந்தது. மறுபடியும் அதே. லிமிட் முழுவதும் காலியாகத்தான் இருந்தது. வங்கியின் சர்வர் பராமரிப்புக்காக அந்த நேரத்தில் நிறுத்தப்பட்டிருந்தது என்று காலையில் தெரிந்தது. யூபிஐயும் அதே வங்கிக் கணக்கில் இருந்ததால் அதுவும் வேலை செய்யவில்லை. பில் கவுண்டரில் இருந்த பெண் மூன்றாவது முறையும் தேய்த்துவிட்டு, தலையை நிமிர்த்தாமலே கார்டைத் திருப்பி நீட்டியது இன்றும் கண்முன் நிற்கிறது. தம்பி அரியாங்குப்பத்திலிருந்து பணத்தோடு பைக்கில் வந்து சேரும் வரை அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அப்பா இப்போது நலமாக இருக்கிறார்.

அதன் பிறகுதான் வேறொரு வங்கியில், வேறொரு வலையமைப்பில் இரண்டாவது கார்டு வாங்கினேன். முதலாவது விசா, இரண்டாவது ரூபே. ரூபே கிரெடிட் கார்டை யூபிஐயில் இணைத்துக்கொள்ளலாம் என்பதால், கார்டு இயந்திரம் இல்லாத மருந்துக் கடையில்கூட க்யூஆர் பலகையை ஸ்கேன் செய்து கட்ட முடிகிறது. தனி நபருக்குத்தான் அனுப்ப இயலாது. அந்தக் கார்டில் மாதம் மின்கட்டணம் ஒன்று மட்டும் போகும். முழுத் தொகையும் ஆட்டோ டெபிட்டில் கழிந்துவிடும். சும்மா பெட்டியில் போட்டுவைக்கக் கூடாது. ஓராண்டுக்கு மேல் பயன்படுத்தாத கார்டை, நமக்குத் தகவல் சொல்லிவிட்டு, 30 நாளில் பதில் வராவிட்டால் வங்கி மூடிவிடலாம் என்று ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு விதியில் இருக்கிறது. அவசரத்துக்கு எடுக்கும்போது செத்த கார்டாக இருந்தால் என்ன பயன்?


சங்கராபரணி, ஆகஸ்ட் 21

அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு எனக்கும் ஒரு மாற்று ஏற்பாடு வேண்டும் என்று தோன்றுகிறது. வீட்டில் வயதான மாமனார் இருக்கிறார். வீட்டுக்கடன் வரும் வரை இரண்டாவது கார்டு கூடாது என்றால், அதுவரை என்ன செய்வது?


கோரிமேட்டுச் செவிலியர், ஆகஸ்ட் 21

வேறொரு வங்கியில் சேமிப்புக் கணக்கு திறந்து அதில் 40,000, 50,000 ரூபாய் தனியாக வைத்து, அதன் டெபிட் கார்டையும் யூபிஐயையும் கைவசம் வைத்திருங்கள். அதற்கு யாரும் கடன் அறிக்கையைக் கேட்கப் போவதில்லை. நானும் அன்று அதைச் செய்திருந்தால் போதுமானதாக இருந்திருக்கும்.


கரும்புக்காட்டுப் பாதை (நெல்லிக்குப்பம்), ஆகஸ்ட் 23

இடையில் ஒரு சிறிய ஐயம். என் கணவரின் கார்டில் எனக்கு ஆட்-ஆன் கார்டு, அதாவது அவர் கணக்கிலேயே என் பெயரில் தந்த கூடுதல் கார்டு, இருக்கிறது. அது எனக்கு முதல் கார்டாகக் கணக்கில் வருமா? நான் தையல் தொழில் செய்கிறேன். சம்பளச் சீட்டு இல்லை.


மஞ்சக்குப்பத்தார், ஆகஸ்ட் 23

வராது அம்மா. ஆட்-ஆன் கார்டில் நடக்கும் வரவு செலவு முதன்மைக் கார்டுக்காரரின் பெயரில்தான் பதிவாகும். உங்கள் பெயரில் ஒரு கடன் வரலாறு உருவாக வேண்டும் என்றால், வைப்புத்தொகையை ஈடாக வைத்துத் தரப்படும் கார்டைக் கேளுங்கள். வைப்புக்கு வட்டியும் வரும். சம்பளச் சீட்டும் பெரும்பாலும் கேட்க மாட்டார்கள். ஒழுங்காக ஓராண்டு கட்டிய பிறகு அடுத்ததைப் பற்றிப் பேசலாம்.


சங்கராபரணி, ஆகஸ்ட் 26

அனைவரின் அறிவுரையையும் கேட்ட பிறகு, முதல் வேலையாக என் கடன் அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்ற விதி 2017 முதல் இருப்பதால் காசு செலவாகவில்லை. ஸ்கோர் 726. எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. இரண்டரை ஆண்டில் ஒரு நாள்கூடத் தவறாதவனுக்கு ஏன் 726 என்று கீழே இறங்கிப் படித்தால், 2021இல் வாஷிங் மெஷினுக்காக ஒரு நிதி நிறுவனத்தில் எடுத்த தவணைக் கடன் இன்னும் திறந்த நிலையில் இருக்கிறது. அதில் 1,140 ரூபாய் பாக்கி என்றும் காட்டுகிறது. கடைசித் தவணையை 2022இல் கட்டிவிட்டேன். கடன் தீர்ந்ததற்கான சான்று கடிதத்தை அலமாரியில் தேடி எடுத்தேன்; பழைய ரேஷன் கார்டு உறைக்குள் மடித்து வைத்திருந்தோம். இதை எப்படிச் சரி செய்வது?


மஞ்சக்குப்பத்தார், ஆகஸ்ட் 26

அந்தக் கடிதத்தைப் பத்திரப்படுத்தியதற்கு உங்களைப் பாராட்டுகிறேன். பத்தில் எட்டுப் பேரிடம் அது இருக்காது. உடனே இரண்டு இடத்தில் மனு செய்யுங்கள். அறிக்கை தந்த நிறுவனத்தின் தளத்தில், தவறான பதிவைக் குறிப்பிட்டு ஆட்சேபம் பதியுங்கள். அந்த நிதி நிறுவனத்துக்கும் கடித நகலுடன் மின்னஞ்சல் அனுப்புங்கள். 30 நாளுக்குள் சரி செய்யாவிட்டால் தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்கு ஈடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. மனு எண்ணையும் தேதியையும் குறித்து வையுங்கள். நிதி நிறுவனம் 30 நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் சரியில்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே புகார் செய்யலாம். கட்டணம் கிடையாது.

இந்தப் பிழையோடு அங்காடி வாசலில் அன்றைக்கே விண்ணப்பம் போட்டிருந்தீர்கள் என்றால் மறுத்திருப்பார்கள். ஏன் மறுத்தார்கள் என்றும் உங்களுக்குப் புரிந்திருக்காது. மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் கேட்கும் உரிமை உண்டு என்பதையும் பலர் அறிவதில்லை.


கெடிலக்கரை வணிகர், ஆகஸ்ட் 27

முகவர்களிடம் ஆதாரையும் பான் எண்ணையும் வெறுமனே கொடுத்துவிட்டு வராதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு, கேட்காத கார்டு தபாலில் வந்தது. அவர் பயன்படுத்தவே இல்லை. ஆனாலும் ஆண்டுக் கட்டணம் போட்டு பில் அனுப்பினார்கள். கேட்காமல் அனுப்பிய கார்டுக்குக் கட்டணம் போட்டால், அதைத் திருப்பித் தருவதோடு அந்தத் தொகையைப் போல் இரு மடங்கு அபராதமும் வங்கி தர வேண்டும் என்று விதி இருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டிக் கடிதம் எழுதிய பிறகுதான் நீக்கினார்கள்.


சங்கராபரணி, 2025 நவம்பர் 12

நீண்ட நாள் கழித்து எழுதுகிறேன். செப்டம்பர் 19ஆம் தேதி அந்தப் பழைய கடன் மூடப்பட்டதாக அறிக்கையில் மாறியது. ஆகஸ்டிலிருந்தே பில் தேதிக்கு நான்கு நாள் முன்பாகப் பாதித் தொகையைக் கட்டி வருகிறேன். அக்டோபரில் என் வங்கியே லிமிட்டை 1,10,000 ஆக உயர்த்தச் சம்மதம் கேட்டது, கொடுத்தேன். அக்டோபர் கடைசியில் ஸ்கோர் 773. மாமனார் பெயரிலும் என் பெயரிலும் கூட்டாக வேறொரு வங்கியில் கணக்கு திறந்து 45,000 போட்டிருக்கிறோம்.

நேற்று வீட்டுக்கடன் மனுவைக் கொடுத்தோம். மனு கொடுத்த ஒரு மணி நேரத்தில், என் கடன் அறிக்கையை அந்த வங்கி பார்த்ததாகக் குறுஞ்செய்தி வந்தது. இந்த ஆண்டில் என் பெயரில் வந்த விசாரணை அது ஒன்றுதான். கடன் ஒப்புதல் ஆனவுடன் ரூபே கார்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்றிருக்கிறேன். சரிதானே ஐயா?


மஞ்சக்குப்பத்தார், நவம்பர் 12

மிக்க மகிழ்ச்சி. ஆனால் ஒப்புதலோடு நிற்க வேண்டாம். வீடு கட்டும் கடனை ஒரே தொகையாகத் தர மாட்டார்கள். கடைக்கால், லிண்டல், தளம் என்று வேலை நடக்க நடக்கப் பகுதி பகுதியாக விடுவிப்பார்கள். நடுவில் அறிக்கையை மறுபடி எடுத்துப் பார்க்கும் வங்கிகளும் உண்டு. தளம் போட்டுக் கடைசித் தவணைப் பணம் உங்கள் கணக்கில் ஏறிய பிறகு, வீட்டுக்கடனின் மாதத் தவணை ஓர் ஆறு மாதம் சம்பளத்திலிருந்து போய், அதற்கு மேலும் 32,000 பில்லை முழுதாகக் கட்ட முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அந்த மாதமே விண்ணப்பியுங்கள். ஒரே ஒரு வங்கியில்.